படிகள் பல, வாகனம் ஒன்று

நியூ ஜேர்சி மாநிலத்திலே ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனம் விற்பது சட்டத்தினால் தடுக்கப்பட்டிருக்கிறது. மற்றக் கடைகள் பலவும் திறந்திருக்க, வாகன விற்பனை நிலையங்கள் மாத்திரம் பூட்டிக் கிடக்கும். வேலை நாட்களில் நேரம் கிடைக்காத குடும்பத்தினருக்கு எஞ்சியிருப்பது சனிக்கிழமை ஒன்றே. நமது தமிழ்ப் பள்ளி நடைபெறுவதும் அந்தச் சனிக்கிழமையிலேதான். ஆகவே நாம் வைத்திருக்கும் வரவுப் பதிவேட்டைப் புரட்டினால், எந்த வீட்டிற்கு எந்த மாதம் புது வாகனம் வந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை ஒரு சனிக்கிழமை வராவிட்டால் காய்ச்சல். இரண்டு வாரம் வராவிட்டால் சுற்றுலா. மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால், அப்பாவும் அம்மாவும் எந்தப் படியை வாங்குவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள்.

'படி' என்று நாம் இங்கு குறிப்பிடுவது, விற்பனையாளர் 'ட்ரிம்' என்று கூறுவதையே. சென்ற ஆண்டு எமது குடும்பத்திற்கும் இத்தகைய வாகனம் ஒன்று தேவைப்பட்டது. பழைய கார் ஐந்து பேருக்கானது. எம் அன்னையார் ஊரிலிருந்து வந்து எம்மோடு தங்கிய பின்னர் வீட்டிலே நாம் ஐவர். சனிக்கிழமைகளில் அயலவர் பிள்ளைகள் மூவரையும் பள்ளிக்கு ஏற்றி வருவது எமது பொறுப்பு. அந்தத் தேடலிலே நாம் கற்றவற்றைப் பெற்றோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் பயன்படுமென்று கருதி எழுதுகின்றோம். நாம் வாங்கிய வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. அந்த நிறுவனத்தார் விரும்பினால் இம்மலரின் பின்னட்டையில் உரிய கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்து கொள்ளலாம்.

இன்று நம் பெற்றோரிற் பலர் நாடுவது நடுத்தர அளவிலான 'கிறொஸ்ஓவர்' வாகனத்தை. லொறியைப் போலத் தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பூட்டாமல், காரைப் போலச் சட்டமும் உடலும் ஒன்றாக அமைய, உயரத்தைக் கூட்டிச் செய்யப்படுவது அது. 2001ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ரொயோட்டா ஹைலாண்டர், அதே நிறுவனத்தின் கம்றி காரின் அடித்தளத்திலே உருவானது. ஹொண்டா பைலற் 2003ஆம் ஆண்டு மாதிரியாகவும், கியா ரெலுரைட் 2020ஆம் ஆண்டு மாதிரியாகவும் வந்தன. ஒவ்வொன்றிற்கும் பல படிகள். ஹைலாண்டரில் எல்.ஈ., எக்ஸ்.எல்.ஈ., லிமிற்றெட், பிளாற்றினம் என்ற பெயர்கள் இருந்து வந்தன. பைலற்றில் ஸ்போர்ட், ஈ.எக்ஸ்.எல்., ரூறிங், எலீற் என்பர், ரெலுரைட்டில் எல்.எக்ஸ்., எஸ்., ஈ.எக்ஸ்., எஸ்.எக்ஸ். என்பர். வேறு பெயர்களும் உண்டு. 'லிமிற்றெட்' என்றால் எல்லைக்குட்பட்டது என்றுதான் எமக்கு அகராதி சொல்லுகிறது. விலையைப் பார்த்தால் எல்லை தாண்டியதாக இருக்கின்றது. ஹைபிரிட் வகையை விட்டுவிட்டால், அடிப்படிக்கும் மேற்படிக்கும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றே. சில்லுகளின் அழகு, இருக்கையின் தோல், கூரையின் கண்ணாடி, ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை ஆகியனவே வேறுபடும். அடிப்படி 40,000 டொலருக்கு அண்மையில் நிற்க, மேற்படி 50,000ஐத் தாண்டி ஏறிவிடும்.

ஒரு பொருள் வேண்டுமென்றால் அதனைத் தனியே கேட்டு வாங்க இயலாதா என்று எம் மகள் வினவினாள். இயலாது என்பதே பெரும்பாலும் விடை. ஒவ்வொருவரும் விரும்பியவாறு ஒவ்வொரு பொருளையும் சேர்த்தும் நீக்கியும் கேட்டால், தொழிற்சாலை ஆயிரமாயிரம் வகை வாகனங்களைச் செய்ய நேரிடும். ஆதலின் பொருள்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் படிகளாக அடுக்கிவிடுகின்றார்கள். சூடாகும் இருக்கை வேண்டுமென்றால் கூரைக் கண்ணாடியையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். திருமண வீட்டுப் பந்தியிலே பாயசம் மட்டும் போதும் என்று ஒருவர் சொல்ல முடியாததைப் போன்றது இது.

இனி, மாணவர்கள் அவசியம் அறியவேண்டிய ஒரு தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். புதிய வாகனம் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு பெரிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு 'மொன்றோனி' என்று பெயர். ஒக்லகோமா மாநிலத்தின் செனற்றராக விளங்கிய மைக் மொன்றோனி என்பவர் முன்னின்று கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது கட்டாயமாயிற்று. அதற்கு முன்னர் வாகனத்தின் உண்மை விலை இன்னதென்று வாங்குபவர் அறிய எளிய வழி இருக்கவில்லை. இன்றோ அடிப்படை விலை, சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பொருளின் விலை, கொண்டுவரும் கூலி, மொத்தம் ஆகிய யாவும் அச்சிலே இருத்தல் வேண்டும். எரிபொருட் கணக்கும், விபத்துச் சோதனையில் பெற்ற நட்சத்திரங்களும், உதிரிப்பாகங்கள் எந்நாட்டவை என்பதும் பிற்காலத்தில் சேர்ந்தவை. வாகனம் வாங்குபவரின் கைக்கு வருமுன் வேறெவரும் அத்தாளைக் கழற்றுதல் குற்றமாகும்.

இந்தத் தாளைப் பலர் மொத்தத் தொகையைக் காண்பதற்கு மட்டும் பார்க்கின்றனர். நாம் பழைய வாத்தியார் ஆகையால் மேலிருந்து கீழாக, வரி வரியாக வாசித்தோம். விற்பனையாளர் பொறுமையிழந்து மூன்று தடவை தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வாசித்ததிலே சில இன்பங்கள் கிடைத்தன. நாம் பார்த்த ஹைலாண்டரின் தாளிலே, இறுதியாகப் பொருத்தப்பட்ட இடம் பிறின்ஸ்ரன் என்றிருந்தது. நம் நியூ ஜேர்சிப் பிறின்ஸ்ரனோ என்று ஒரு கணம் பெருமையடைய நேரிடும். அது இந்தியானா மாநிலத்தின் பிறின்ஸ்ரன். பைலற் அலபாமாவின் லிங்கனிலிருந்தும், ரெலுரைட் ஜோர்ஜியாவின் வெஸ்ற் பொயின்றிலிருந்தும் வந்திருந்தன. கொண்டுவரும் கூலி 1,400 டொலர் அளவில் இருந்தது. தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில் வாழ்பவருக்கும் அதே கூலிதான். ஆயிரம் மைல் தொலைவிலிருக்கும் நமக்கும் அதே கூலிதான்.

தாளின் ஒரு பக்கத்திலே, எல்லாப் படிகளிலும் உள்ள பொருள்கள் எழுதப்பட்டிருக்கும். அப்பகுதியை நாம் நன்றியோடு வாசித்தல் வேண்டும். ஏனெனில் அங்குள்ள சில பொருள்கள் ஒரு காலத்தில் பணம் படைத்தோர் மட்டும் வாங்கியவை. பின்னோக்கிச் செல்லும்போது பார்ப்பதற்கான கமரா அத்தகையது. 2002ஆம் ஆண்டு நியூயோர்க்கின் லோங் ஐலன்டிலே, தந்தையொருவர் தம் வீட்டு வாசலில் வாகனத்தைப் பின்னோக்கி எடுத்தபோது, பின்னால் நின்ற அவருடைய இரண்டு வயதுக் குழந்தை கமரன் கல்பிறான்சன் உயிரிழந்தான். கண்ணாடிகளிலே பார்த்தபடி எடுத்தும் உயரமான வாகனத்தின் பின்புறம் தெரியவில்லை. அக்குழந்தையின் பெயரால் 2008இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆயினும் 2018ஆம் ஆண்டு மே மாதத்திற் பின்னரே எல்லாப் புதிய கார்களிலும் அக்கமரா கட்டாயமாயிற்று. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அது பல வாகனங்களின் மேற்படிகளுக்குரிய பொருளாகவே இருந்து வந்தது. குழந்தை இருக்கையைப் பூட்டும் கொளுவிகள் 2002இலும், ரயரிலே காற்றுக் குறைந்தால் அறிவிக்கும் கருவி 2007இலும், வாகனம் சறுக்காமல் காக்கும் அமைப்பு 2012ஆம் ஆண்டு மாதிரிகளிலும் இவ்வாறே பொதுவுடைமையாயின. தானாகவே தடை போடும் அமைப்பு 2029 செப்டெம்பரில் கட்டாயமாகுமென்று 2024இல் விதி வகுத்தார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கெனவே எல்லாப் படிகளிலும் அதைத் தருகின்றன.

ஆனால் பக்கத்து ஒழுங்கையிலே கண்ணுக்கு மறைந்து வரும் வாகனத்தைக் காட்டி எச்சரிக்கும் கருவியைப் பற்றி இன்னும் அவ்வாறான சட்டம் இல்லை. சில வாகனங்களின் அடிப்படியில் அது இராது. இரண்டாம் படியிலே வரும். எமது முடிபு இதுவே: உயிரைக் காக்கும் பொருள்கள் எந்தப் படியில் நிறைவு பெறுகின்றனவோ அதுவரை ஏறுக, அதன்மேல் ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டு ஏறுக. இதனை எம் இல்லாளும் ஏற்றுக்கொண்டார். கருத்து வேறுபாடு எழுந்தது இருக்கையில்.

கீழ்ப்படிகளில் இரண்டாம் வரிசை ஒரே நீண்ட ஆசனமாக இருக்கும். மூவர் அமரலாம்; வாகனத்தில் மொத்தம் எண்மர். மேற்படிகளுக்குச் சென்றால், பெரும்பாலும் அந்த ஆசனத்தை எடுத்துவிட்டுக் கைதாங்கி வைத்த இரண்டு தனி நாற்காலிகளை வைத்துவிடுவார்கள். அவற்றிற்குக் 'கப்ரின் நாற்காலி' என்று பெயர். நடுவே நடைபாதை, மொத்தம் எழுவர். பணத்தைக் கூட்டக் கூட்ட ஆட்களின் எண்ணிக்கை குறையும் இந்தக் கணக்கைக் கணித ஆசிரியராகிய நாம் வேறெங்கும் கண்டதில்லை.

விற்பனை நிலையத்திலே மேற்படி வாகனமொன்றின் கதவைத் திறந்து காட்டினார்கள். பதினொரு வயதான எம் மகள் ஆங்கிலத்தில் கேட்டதை எம் அன்னையாருக்குத் தமிழிற் சொன்னாள்.

"அப்பம்மா, இது கப்ரின்ரை கதிரையாம்."

"ரண்டும் கப்ரினுக்கோ?"

"ஓம். ரண்டும்."

அன்னையார் உள்ளே எட்டிப் பார்த்தார். "அப்ப நடுவிலை நான் எங்கை இருக்கிறது?"

விற்பனையாளருக்கு மொழி விளங்காவிடினும் கேள்வி விளங்கிற்று. மூதாட்டியார் முன்னிருக்கையில் வசதியாக அமரலாம் என்றார். அன்னையார் அதனை ஏற்கவில்லை. இரு பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே இருந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய, பள்ளிக்குப் போகும் நாற்பது நிமிடமும் கதை சொல்லி வருபவர் அவர். மழலை வகுப்பிலுள்ள எம் மகன் தமிழ் பேசுகிறான் என்றால் அதற்குக் காரணம் நமது பள்ளி பாதி. அந்த நடுவிருக்கை பாதி. தலைமையாசிரியர் அவர்கள் இதனை வாசித்து மனம் வருந்தமாட்டார் என்று நம்புகின்றோம்.

எனினும் மேற்படியை நாம் எளிதில் ஒதுக்க இயலாத ஒரு காரணமும் இருந்தது. அன்னையாருக்கு முழங்கால் வாதம். சனவரி மாதத்துக் குளிரில் முழங்கால் மடக்க முடியாமற் போய்விடும். நாம் பார்த்த வாகனங்களிலே முன்னிருக்கைகள் நடுப்படியிலேயே சூடாகும். இரண்டாம் வரிசை சூடாக வேண்டுமென்றால் உச்சிப்படிக்குப் போகவேண்டும். உச்சிப்படியிலோ நடுவிருக்கை இல்லை. ஒரே தாயாருக்குச் சூடு வேண்டுமா, இடம் வேண்டுமா என்று இரண்டு வாரம் வீட்டிலே வழக்கு நடந்தது.

அந்நாட்களில் எம் நினைவுக்கு வந்தது எம் தந்தையாரின் றலிச் சைக்கிள். அது வாங்கிய காலத்திலே சைக்கிளுக்கும் படிகள் இருந்தன. டைனமோ விளக்கு, மணி, சங்கிலிமூடி, கரியர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தந்தையார் டைனமோ வேண்டாமென்று சொல்லி, மிஞ்சிய காசுக்குப் பட்டறையில் பாரமான இரும்புக் கரியர் ஒன்றைச் செய்வித்துப் பூட்டினார். வெங்காயச் சாக்கு ஏற்றுவதற்கு அது வேண்டும் என்பது அவர் கணக்கு. 1990இற்குப் பின்னர் பொருளாதாரத் தடை வந்து, யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பெற்றோலும் அற்றுப்போயின. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் நாலு துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின. அயலவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எமது வீட்டில் டைனமோ இல்லை. செய்தி கேட்க அடுத்த வீட்டுக்குப் போனோம். அதற்காகத் தந்தையாரை நாம் பல தடவை குறை கூறியதுண்டு.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் ஒரே பாதையில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை அணுகுமிடத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லை. எமக்கு அப்போது பதினைந்து வயது. கரியரிலே அன்னையாரையும் அவர் மடியில் ஒரு மூட்டையையும், பாரிலே தங்கையையும் இருத்தி, நாம் கைபிடியைப் பற்றித் தள்ளிக்கொண்டு நடந்தோம். தந்தையார் அரிசிப் பையுடன் பின்னால் வந்தார். வழியிலே மெல்லிய கரியர்கள் வளைந்து, சாமான்களைத் தெருவோரம் இறக்கி வைத்துவிட்டு நின்றவர்களைக் கண்டோம். எமது கரியர் வளையவில்லை.

இதனைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அன்னையார், அந்தக் கரியரின் கம்பி தமக்கு எவ்வளவு நோவைத் தந்தது என்றுதான் முதலிற் சொல்லுவார். அந்த இருக்கை சூடாகவுமில்லை, மெத்தென்றுமில்லை என்பார்.

உணர்ச்சியை ஒருபுறம் வைத்துக் கணக்கையும் பார்த்தோம். மேல்வகுப்பு மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். நாம் எண்ணிய படிக்கும் உச்சிப்படிக்கும் வேறுபாடு 10,000 டொலர் என்று கொள்வோம். நியூ ஜேர்சி விற்பனை வரி நூற்றுக்கு 6.625 வீதம், ஆகவே அது 10,662.50 டொலராகும். ஆண்டுக்கு 7 வீத வட்டியில் 72 மாதக் கடனாகப் பெற்றால், மாதமொன்றுக்கு ஏறத்தாழ 182 டொலர். ஆறாண்டு முடிவில் கட்டியது ஏறத்தாழ 13,090 டொலர். விற்பனையாளர் மாதத் தொகையைத்தான் சொல்லுவார்; அதுவும் மென்மையான குரலிற் சொல்லுவார். ஒரு டொலர் 300 இலங்கை ரூபாயை அண்மித்த நிலையில், 182 டொலர் என்பது 54,000 ரூபாய்க்கு மேல். தங்கையின் மகன் ஊரிலே பல்கலைக்கழகத்தில் படிக்கின்றான். அவனுக்கு நாம் மாதந்தோறும் அனுப்புவது இதனிலும் குறைவு. இந்த ஒப்பீட்டை நாம் வீட்டிலே உரத்துச் சொல்லவில்லை. எம் இல்லாள்தான் ஒரு காகிதத்தில் இரு எண்களையும் பக்கத்திற் பக்கம் எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

அவர் தமக்கென்று கேட்டது ஒன்றே: நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும் அமைப்பு. மருத்துவமனையொன்றில் இரவுப் பணி முடித்துப் பனி அள்ளப்படாத வீதியில் அதிகாலை வீடு திரும்புபவர் அவர். பல வாகனங்களில் இதற்கு 2,000 டொலர் அளவில் தனிக் கட்டணம். மறுபேச்சின்றி இணங்கினோம். எனினும் பெற்றோர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வமைப்பு வாகனம் புறப்படுவதற்கும் மேடேறுவதற்கும் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. தடையை அழுத்தும்போது எல்லா வாகனமும் நான்கு சில்லு வாகனமே. பனியில் நிற்பதற்கு நல்ல குளிர்கால ரயர்கள் வேண்டும். அவற்றை எந்தப் படியிலும் விற்பனையாளர் தாமாக எடுத்துச் சொல்லக் கேட்டதில்லை.

அவர்கள் எடுத்துச் சொல்லுவன வேறு. நாம் சென்ற ஒரு நிலையத்தில் மொன்றோனித் தாளின் பக்கத்திலே, அதே அளவில், அதே எழுத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. அது சட்டம் கேட்ட தாளன்று. கடைக்காரர் தாமே அச்சிட்டது. வண்ணப் பாதுகாப்பு, கண்ணாடியில் இலக்கம் பொறித்தல், ரயருக்கு நைதரசன் என்று மொத்தம் 1,795 டொலர். சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 78 வீதம் நைதரசனே என்பதை ஏழாம் வகுப்பு மாணவன்கூடச் சொல்லுவான். எம் மகள் அங்கேயே சொன்னாள். நாம் எழுந்து வாயிலை அடைந்தபோது அத்தாள் கழற்றப்பட்டது. முத்து வெள்ளை நிறத்திற்கு மேலும் நானூறு, ஐந்நூறு டொலர் என்பது தொழிற்சாலையே கேட்பது. அதில் பேரம் பேச இடமில்லை. சாம்பல் நிறத்தை எடுத்தோம்.

இறுதியாக, நீண்ட ஆசனம் உடைய இரண்டாம் படியை, நான்கு சில்லு விசையுடன் வாங்கினோம். அத்தகைய சேர்க்கை கையிருப்பில் இல்லாமையால் ஏழு வாரம் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் இரண்டு தடவை, உச்சிப்படி ஒன்று இன்றே தரலாம் என்று தொலைபேசியில் அழைத்தார்கள். அன்னையாருக்கு இல்லாள் கம்பளிப் போர்வை ஒன்று வாங்கிக் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் இருவரும் அதன் இரு முனைகளையும் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் அவருக்கு நடுவில் ஒரு சாண் துணிதான் மிஞ்சுகிறது.

வாங்கியவர் கழற்றலாம் என்று சட்டம் சொல்லுவதால், மொன்றோனித் தாளைக் கிழியாமல் கழற்றி வந்து ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். அதிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ்ச் சொல் காண்பது இவ்வாண்டுப் பயிற்சி. பின்புறக் கமராவுக்குப் 'பின்னோக்கி' என்றான் ஒருவன். சூடாகும் இருக்கை 'சூட்டிருக்கை' ஆயிற்று. ஆங்கிலத்திலே நிலாவின் பெயரால் வழங்கும் கூரைக் கண்ணாடிக்கு, 'நிலாமுற்றம்' என்ற பழஞ்சொல்லைத் தன் பாட்டியிடம் கேட்டு வந்தாள் ஒரு மாணவி, வகுப்பே கைதட்டியது. எமது வாகனத்தில் அது இல்லை, இருந்தும் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். கப்ரின் நாற்காலிக்கு 'மீகாமன் இருக்கை' என்பது வாக்கெடுப்பில் வென்றது. 'ட்ரிம்' என்பதற்கு நாம் சொன்ன 'படி'யை மாத்திரம் மாணவர்கள் ஏற்கவில்லை. அச்சொல்லை நாம் வீட்டுப்பாடத் தாள்களில் அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டதாக அவர்கள் கூறுகிறார்கள். வேறு சொல் தெரிந்த பெற்றோர், விழா முடிந்து உணவு பரிமாறும் வேளையில் எம்மிடம் தெரிவிக்கலாம்.